ஐந்தாம் ஆளுக்கு இடமில்லை

நெனாத் பயிற்சியாளராக வந்த பிறகு, மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் எண்களை மறக்க வேண்டியதாயிற்று. ஒன்று என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறவன், ஐந்து என்றால் கூடைக்கடியில் மலையாக நிற்கிறவன் என்பது இங்கே பேச்சு வராத பிள்ளைக்கும் தெரியும். நெனாத் ஒரே போடாகப் போட்டார். இனி ஒன்றும் கிடையாது, ஐந்தும் கிடையாது, எல்லோரும் ஓட வேண்டும், எல்லோரும் எறிய வேண்டும், எங்கே ஓட்டை விழுந்தாலும் பக்கத்தில் இருக்கிறவன் அடைக்க வேண்டும். இறைச்சிக்கடை ஸ்ரெதொயே, கறியை ஒரு பக்கமும் முட்டைக்கோஸ் இலையை ஒரு பக்கமும் தனித்தனியாக வைத்துவிட்டு, இலைக்குள் கறியைச் சுருட்டிச் செய்கிற சர்மா இதுதான் என்கிறான் இவன் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்க முடியாதவள் விதோசவா ஒருத்திதான். நெனாத் அவள் கணவன். பல வருஷமாக ஊரின் ஐந்தாம் ஆளாக இருந்த ரத்தோமிர் அவள் கூடப்பிறந்த தம்பி. முப்பத்துநான்கு வயதில் முட்டியில் பட்டை கட்டாமல் அவனால் மாடி ஏற முடியாது. கூடைக்கடியில் அந்த ஒரு சாண் இடத்தைத் தவிர உலகத்தில் வேறு எங்கே நிற்பதென்றும் தெரியாது.

ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். அவள் குடைமிளகாய்க்குள் கறி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா அத்தான் கேப்பாரு."

"சொல்றேன், சொல்றேன். அந்தத் தட்டை இப்படி நகத்து."

சொல்லவில்லை. தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை கருத்துச் சொல்கிறவள், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லா ஆட்டத்தையும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறவள் அவள். எதிரணிப் பையன்கள், பேருந்து நிற்காத நிறுத்தத்தைத் தாண்டிப் போவதுபோல அவள் தம்பியைத் தாண்டிப் போவதைப் பார்த்திருந்தாள். கணவன் செய்வது சரி என்று அவளுக்கே பட்டது. அதைக் கணவனிடமும் சொல்லவில்லை.

மறுநாள் உடைமாற்றும் அறையில் நெனாத் ஐந்து பெயர் சொன்னார். ரத்தோமிர் அதில் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும் மிலூனுக்குப் பழைய நாக்கு. நான்கு பெயரைத் தாளைப் பார்த்து வாசித்துவிட்டு, ஐந்தாவதற்குத் தாளைப் பார்க்கவே இல்லை. "அஞ்சு... ரத்தோமிர்!"

அரங்கமே எழுந்து கைதட்டியது. கடைசி நிமிஷத்தில் அத்தான் மனம் மாறிவிட்டார் என்று நினைத்து ரத்தோமிர் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனான். நடுக்கோட்டில் நின்று மூன்றாவது வரிசையைத் தேடினான். அக்காவைப் பார்த்து நன்றி சொல்வதுபோல நெஞ்சில் கை வைத்தான்.

விதோசவா என்ன செய்வாள்? தலையாட்டினாள்.

நடுவர் எண்ணிப் பார்த்தார். நெனாத் சொன்ன ஐந்து பேரோடு ரத்தோமிரும் சேர்ந்து ஆறு பேர். நெனாத் நிமிராமலேயே இரண்டு விரலால் மச்சானைத் திரும்ப அழைத்தார். பாதியில் நின்றுபோன தும்மலைப் போல அரங்கத்தின் கைதட்டல் நின்றது.

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். எண்ணை மறந்த பையன்கள் எதிரணியைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது ஸ்ரெதொயேதான். விதோசவாவின் கைகளும் தட்டின. அவளைக் கேட்காமலேயே.

அன்றைக்கே, அவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ரத்தோமிர் வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"அக்கா, நீ சொன்னியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சொன்னேன்டா."

நெனாத்தின் கரண்டி தட்டில் அசையாமல் நின்றது. பிறகு, "சொன்னா மச்சான்," என்றார். "நான்தான் கேக்கல."

ரத்தோமிர் அவரையே பார்த்தான். "கூடையை விட்டுட்டு மூலையில நிக்கச் சொல்லியிருந்தாலும் நின்னுருப்பேன் அத்தான்," என்றான். கதவை மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனான்.

விதோசவா கணவன் தட்டில் இன்னொரு குடைமிளகாயை வைத்தாள். "ஏன் அப்படிச் சொன்னே?"

"ஓட்டை தெரிஞ்சுது," என்றார் நெனாத், சாப்பிட்டுக்கொண்டே.

கோபத்தில் சொன்னாரா, பரிவில் சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரத்தோமிர் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. அக்காவைச் சந்தையில்தான் பார்க்கிறான். அவள் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கூடவே வருகிறான். உன் புருஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை, நீ அவ்வளவு சொல்லியும் கேக்கலையே என்று வழி நெடுகத் திட்டுகிறான். காய்கறிக்காரிகளும் சேர்ந்துகொள்கிறார்கள்.

விதோசவா தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே, "ம்," என்கிறாள்.