தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கவும்

நான் போய்ச் சேர்வதற்குள் என் சிறுநீரகங்கள் இரண்டும் ஸ்கேன் சென்டருக்கு வந்து ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. வலதுக்குக் குட்டை நாற்காலி. கல்லீரலுக்குக் கீழே ஒடுங்கி இருந்தே அதற்குப் பழக்கமாகிவிட்டது.

எதிரே தமயந்தி அக்கா. அவளுடைய சிறுநீரகங்கள் வேலையை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அவள் ரத்தத்தை இயந்திரம்தான் சுத்தம் செய்கிறது; அவளுக்குச் சிறுநீரே வருவதில்லை. என்னுடையதில் ஒன்றை அவளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. எது என்று யாரும் சொல்லவில்லை.

நர்ஸ் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். குடித்துவிட்டு, முட்டும்வரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டுமாம். அப்போதுதான் ஸ்கேனில் தெரியுமாம். அக்காவுக்கோ நாள் முழுக்கச் சேர்த்தே டாக்டர் அனுமதித்தது ஒரு சொம்புத் தண்ணீர்தான். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிட்டுத் திரும்பிக் குடிடா," என்றாள்.

திரும்பிக் குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் தாழ்வாரம் கொஞ்சம் நீண்டது. கோடியில் இருந்த கழிவறைக் கதவு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. நர்ஸிடம் புகார் சொன்னேன். கட்டடம் அப்படித்தான் என்றார். எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் எரிச்சல் வரும் ஆள் நான்.

அப்போது சிறுநீரகங்கள் தரையில் இறங்கி வேலையை ஆரம்பித்தன. போகிக்கு முன்னால் அம்மா வீட்டுச் சாமான் மொத்தத்தையும் தெருவில் எடுத்துப் போடுவாளே, அப்படி. எனக்குள் இருந்ததையெல்லாம் வெளியே வைத்தன. தண்ணீர், உப்பு, காலைக் காபியின் சர்க்கரை, மாமா எனக்கு வைத்த பட்டப்பெயர், அக்கா தைத்துத் தந்த கால்சட்டை. வருகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"எல்லாத்தையும் ஏன் வெளிய போடுறீங்க?"

"வேண்டாததத் தேடுறதவிட வேண்டியதத் தேடுறது சுலபம்," என்றது இடது.

பிறகு இரண்டும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தன. தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே வந்துவிட்டது. சர்க்கரை துளி விடாமல் வந்தது. பட்டப்பெயர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் வந்தது. மிஞ்சியது கொஞ்சம் நீரும் யூரியாவும். அது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்கியது. வலது, வேலை முடிந்ததும் தானாக உள்ளே போய்விட்டது.

இடது மட்டும் தரையிலேயே இருந்தது.

"நீ வரலையா?"

"என்னை யாரும் எடுக்கலையே."

கை நீட்டியிருக்கலாம். பயமாகத்தான் இருந்தது. நீட்டவில்லை.

அக்கா எழுந்து அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் என்னையும் அங்கேதான் வைத்திருந்தாள். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மிச்சத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். யாரும் தடுக்கவில்லை.

"முட்டுதுடா," என்றாள்.

தாழ்வாரம் சுருங்கிக் கதவு அவள் முன்னால் வந்து நின்றது. உள்ளே போய்த் தாழிட்டாள். நர்ஸ் மின்விசிறியை நிறுத்தினார். காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சத்தம் வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது.

நர்ஸ் என் பக்கம் திரும்பி, முட்டுகிறதா என்று கேட்டார். உயிர் போகிறது என்றேன். உள்ளே ஆள் இருக்கிறதே என்றார்.

"இருக்கட்டும் சிஸ்டர்," என்றேன். "அக்கா மெதுவா வரட்டும்."