பதினெட்டு நகம்

பூனைக்கு மொத்தம் பதினெட்டு நகம். முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. மாலை ஐந்து மணிக்குள் பதினெட்டையும் வெட்டியாக வேண்டும். கடிகாரத்தில் மணி மூன்றேகால். தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஐந்து மணிக்கு அண்ணன் வருவான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே இங்கேதான். போன வாரமே சொல்லிவிட்டான். "நகம் வெட்டியிருந்தா பூனை இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா கூடையில போட்டு எங்க பஸ் ஷெட்டுக்குக் கொண்டு போயிருவேன். அங்க எலி நிறைய. அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுக்கிறார்கள். போன வாரம் பூனை மடியிலிருந்து குதித்தபோது அவர் தொடையில் ஒரு கீறல் விழுந்தது. விரல் நீளம்கூட இல்லை. இரண்டு மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. அப்பாவைத் தூக்கி பஸ்ஸில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அண்ணன்தான். இந்த நகத்தோடு பூனை இனி அவர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரு பூனைதானே, போனால் போகட்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்கும் அதன்மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. வெட்டி வைத்த துணி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எல்லாரையும் வேலை வாங்குகிற மாதிரி ஒரு பார்வை பார்க்கும். அதனால்தான் மேனேஜர் என்று பெயர். யார் தொட்டாலும் ஆகாது. அப்பா ஒருவர்தான் விதிவிலக்கு.

எட்டு மாதமாக அப்பாவுக்கு வலது கையும் வலது காலும் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. மகளிடம் ஒரு தலையசைப்பு, மகனிடம் அதுவும் இல்லை. ஆனால் தினமும் காலையில் கண் விழித்ததும், படுத்தபடியே, "வாடா" என்பார். தெளிவாக, பழைய குரலில். மேனேஜர் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும், இந்த ஒரு வாரம் மட்டும் கெட்டிப் போர்வைக்கு மேல். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அடுப்படியில் பாத்திரம் உருட்டாமல் காத்திருப்பாள். பெற்ற மகளை ஒரு தடவை அப்படிக் கூப்பிடவில்லையே என்று வயிறு எரியும். எரிந்தால் எரிகிறது, அந்தக் குரல் வேண்டும். பூனை போனால் அதுவும் போய்விடும்.

இத்தனைக்கும் முழுசாக ஒரு வாரம் இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "ஒரே நாள்ல செய்யாதீங்கம்மா. அது தூங்குறப்ப ஒண்ணு, சாப்பிட்ட பிறகு ஒண்ணுன்னு எடுங்க. ஒரு வாரத்துல முடிஞ்சிரும்."

கேட்டாளா? இந்தத் தையல்காரர்களுக்கே உள்ள புத்தி அது. கொடுக்க வேண்டிய நாளன்று காலையில்தான் துணியைக் கையில் எடுப்பார்கள், எடுத்தால் ஒரே மூச்சில் முடிப்பார்கள். யாராவது கேட்டு வந்தால், "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்பாள். துணியையே வெட்டியிருக்க மாட்டாள். இருபது வருஷமாக அப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. பூனையையும் அதே மாதிரி நினைத்துவிட்டாள். கடைசி நாளன்று பள்ளிக்கூடச் சீருடைகள் மலையாகக் கிடக்க, இதற்கென்று ஒரு பையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கெட்டித் துணி, கழுத்துக்கு நாடா, கால்களுக்கு நான்கு ஓட்டை. அளவெடுக்க மேனேஜர் இடம் கொடுக்குமா? எல்லாம் கண்ணளவுதான்.

அப்பா பார்த்தால் பதறுவார் என்று அவரை உள்ளறையில் நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த பூனையை அப்படியே உள்ளே தள்ளி நாடாவை இழுத்ததும் அதற்கே என்ன நடந்தது என்று புரியவில்லை. அந்தத் திகைப்பிலேயே இடது முன்காலில் ஐந்தையும் வெட்டிவிட்டாள். அட, இவ்வளவுதானா என்று நினைத்தாள். அங்கேதான் வந்தது வினை. வலது காலில் இரண்டாவது நகத்தை அவசரத்தில் அடியோடு வெட்டிவிட்டாள். உள்ளே ஓடும் சிவப்பு நரம்பைத் தொடாதீர்கள் என்று கம்பவுண்டர் சொன்னது வெட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பூனை போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். ஒரு துளி ரத்தம். அடுத்த நொடி காலோட்டை கிழிந்து, பை கிழிந்து, அவள் இரண்டு முன்கையும் கிழிந்து, மேனேஜர் கம்பி நீட்டிவிட்டது.

ஏழு ஆயிற்று. பதினொன்று பாக்கி.

அது பீரோ மேல் ஏறிக்கொண்டது. ஸ்டூல் போட்டு ஏறினாள், சீறியது. போர்வையை வீசினாள், போர்வைக்கடியில் அவள் கையைத்தான் அது கவ்வியது. மீன் துண்டைக் காட்டினாள், மோந்துகூடப் பார்க்கவில்லை. தையல் மெஷினுக்கு அடியில் பாய்ந்தது. இவளும் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மிதிக்கட்டையில் தலை இடித்துக் கண்ணில் பூச்சி பறந்தது.

"உன் கால்ல விழறேன். வந்துரு. உன்னை எலி பிடிக்க அனுப்பிருவாங்க, புரியுதா? எனக்கு ஒண்ணும் இல்ல. அவர் பேச மாட்டார். அப்புறம் அவர் பேசவே மாட்டார்."

நாற்பத்திரண்டு வயதுக்காரி, ஒரு பூனையிடம் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். அது கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தது. உள்ளறைக் கதவில் கைத்தடி இடித்தது. ஒரு தரம், இன்னொரு தரம். "ஒண்ணும் இல்லப்பா, உட்காருங்க" என்று இங்கிருந்தே சொன்னாள்.

ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அண்ணன் வந்துவிட்டான். வாசலில் நின்று, கவிழ்ந்த ஸ்டூலைப் பார்த்தான், அவள் கைகளைப் பார்த்தான், கூடையைக் கீழே வைத்தான்.

"எத்தனை?"

"ஏழு."

"ஏழு இருந்தா போதுமா? மிச்சம் பதினொண்ணு கீறாதா?"

"நாளைக்கு முடிச்சிடறேன் அண்ணா."

"உன் நாளைக்கு எனக்குத் தெரியாதா? என் கல்யாணச் சட்டைக்கே பட்டன் வைக்காம அனுப்பினவ நீ." சிரிக்கவில்லை. "அன்னைக்கு பஸ்ல அவர் கிடந்த கிடப்பை நீ பின்னாடி உட்கார்ந்து பார்க்கல. நான் கண்ணாடியில பார்த்துட்டே ஓட்டினேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

அண்ணன் போய் உள்ளறைக் கதவைத் திறந்தான். அப்பா கதவை ஒட்டியே நின்றுகொண்டிருந்தார், சுவரில் சாய்ந்தபடி. எவ்வளவு நேரமாக நின்றாரோ, கால் நடுங்கியது. அண்ணன் பிடித்து வந்து மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

அப்பா கூடையைப் பார்த்தார். பிறகு மகளின் கைகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வாடா" என்றார்.

மேனேஜர் வெளியே வந்தது. ஒன்றரை மணி நேரம் சட்டை செய்யாத பூனை, நேரே வந்து அவர் காலடியில் நின்றது. அவர் இடது கையால் அதன் பிடரியைப் பற்றித் தூக்கி, தானே கூடைக்குள் வைத்தார். வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். வாய் கோணியது. ஒரு சொல்லைத் தேடி எடுக்க அவருக்கு அத்தனை பாடாக இருந்தது.

"கை" என்றார். "உன்... கை. போதும்."

எட்டு மாதத்தில் அவளிடம் பேசிய முதல் பேச்சு. அவளுக்காகப் பூனையை விட்டுக்கொடுக்கிறார். இந்த மனுஷன்மேலா தினமும் வயிறெரிந்தோம் என்று கூசிப்போனாள்.

அண்ணன் மூடியைப் போடக் குனிந்தான். அப்பா இன்னும் கையை எடுக்கவில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பெருவிரல் பூனையின் காதுக்குப் பின்னால், மற்ற நான்கும் தாடைக்கடியில். மேனேஜர் அசையாமல் இருந்தது. நாற்பது வருஷம் முடி வெட்டியவர் அவர். வலது கையில் கத்தரி ஓடும். வீறிட்டு அழுகிற பிள்ளைகளின் தலையைப் பிடித்து நிறுத்தியது இந்த இடது கைதான். வாதம் கத்தரிக் கையைத்தான் கொண்டுபோனது. பிடிக்கிற கை அப்படியே இருந்தது. அந்தக் கையைக் கதவுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு இவள் தரையில் புரண்டிருக்கிறாள்.

"அண்ணா, மூடாதே." கெட்டித் துணியை நான்காக மடித்து அப்பாவின் மார்பிலிருந்து மடிவரை போர்த்தினாள். "அப்பா, கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? நான் வெட்டறேன்."

அப்பா ஒரு நொடி நம்பவில்லை. பிறகு பூனையை எடுத்து மடியில் வைத்து, மார்போடு சாய்த்து, பாதத்தின் மேல் பெருவிரலை அழுத்தினார். நகம் வெளியே வந்தது. வெட்டினாள். அடுத்த விரலுக்கு அவரே நகர்ந்தார். அவள் அவசரப்பட்டபோது நிறுத்தி, "மெதுவா" என்றார். அண்ணன் மூச்சுவிடாமல் குனிந்து நின்று, விழுகிற ஒவ்வொரு துணுக்குக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதினெட்டும் முடிந்தது.

அப்பா பிடியை விடவில்லை. மகளைப் பார்த்து, "இன்னும்?" என்றார்.

"முடிஞ்சிருச்சுப்பா."

அவர் முகம் அப்படியே விழுந்தது. எட்டு மாதமாக ஊட்டிவிட்டார்கள், துடைத்துவிட்டார்கள், சட்டை மாட்டிவிட்டார்கள். இதைக் கொஞ்சம் செய்யுங்கள் என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. அவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது, உறைத்ததும் அழுகையை அடக்க முடியவில்லை.

"இல்லப்பா, இருக்கு. நிறைய இருக்கு" என்று குவியலிலிருந்து ஒரு சீருடைச் சட்டையை உருவி, காலர் முனையை அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள். "இதைப் பிடிங்க. இந்தத் தையலைப் பிரிக்கணும்."

அப்பா இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.