மூன்று முறை முக்கிய மெழுகு

1979ஆம் ஆண்டு சித்திரையில் நடந்ததை நடந்தபடியே சொல்ல முயல்கிறேன். என் பங்கைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் என் அச்சம்.

என் கணவர் வரதன், உத்திரமேரூரில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவும் பணியில் இருந்தார். அழுத்தினால் மின்சாரம் தரும் உப்புப் படிகம் ஒன்று உண்டு என்று ஒரு பழைய பாடநூலில் படித்திருந்தார். இசைத்தட்டுப் பெட்டியின் முள்ளுக்கு மேலே இருப்பதும் அதே படிகம்தான் என்பதை, மைக் செட் கடை வைத்திருந்த காதர் பாய் ஒரு பழைய பெட்டியைப் பிரித்துக் காட்டினார். அன்று முதல் என் கணவருக்கு ஒரே எண்ணம். கடலலை ஓய்வதில்லை, அது படிகத்தை அழுத்திக்கொண்டே இருந்தால் மின்சாரமும் ஓயாது அல்லவா?

புளியிலிருந்து எடுத்த உப்பையும் சலவைச் சோடாவையும் சேர்த்துக் கரைசல் செய்து, அதில் படிகம் வளர்த்தார். உள்ளங்கை அளவு வளர்ந்த முதல் படிகத்தின் மேல், கூரையிலிருந்து ஓரிரவு முழுவதும் மழைநீர் சொட்டிவிட்டது. காலையில் கிண்ணத்தில் வெறும் நீர்தான் இருந்தது. இரண்டு நாட்கள் அவர் சாப்பிடவில்லை. என்னால் அதை மறக்க முடியவில்லை.

இரண்டாவது படிகத்தைப் பங்குனியில் எங்கள் ஏரியில் சோதித்தார். சிற்றலையில் மரமிதவை எழும்பியதும், அதோடு இணைத்த நெம்புகோல் படிகத்தை அழுத்தியது. படிகத்தோடு கம்பியால் இணைத்திருந்த சிறிய நியான் பல்பு சிவந்து அணைந்தது.

“இன்னா வரதா, மின்மினிப்பூச்சியப் புடிச்சு உள்ள வுட்டுட்டியா?” என்றார் காதர் பாய்.

“ஏரிக்கே கண்ணு சிமிட்டுது பாய். கடலுக்கு இன்னா பண்ணும் பாரு!”

என் கணவர் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஏரியில் பல்பு எரிந்ததைப் பற்றி அவர் எழுதிய கடிதத்துக்குச் சென்னையிலிருந்து சுப்பிரமணி என்னும் பேராசிரியர் பதில் எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினக் கடற்கரைக்கு வருவதாகவும், பல்பு எரிந்தால் தம் ஆய்வுக்கூடத்திலேயே வேலைக்குப் பரிந்துரைப்பதாகவும் அதில் இருந்தது. அந்தக் கடிதம் என் கணவரின் சட்டைப் பையை விட்டு நீங்கவில்லை.

படிகத்துக்கு அவர் வார்னிஷ் மட்டுமே பூசியிருந்தார். எனக்கு அது போதுமென்று தோன்றவில்லை. மழைநீர் கரைத்த பொருளைக் கடல் விட்டுவைக்குமா? அந்த ஞாயிறு விடியற்காலையில் அவர் மிதவையை எடுத்துவரச் சென்றிருந்தபோது, மெழுகுவத்திகளை உருக்கிப் படிகத்தை மூன்று முறை முக்கி எடுத்தேன். பஞ்சு சுற்றி, அவருடைய டிபன் பாக்ஸில் வைத்தேன். அவரைக் கேட்டிருக்கலாம். கரையில் திறந்து பார்த்து மகிழட்டும் என்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

காதர் பாயும் எங்களோடு வந்திருந்தார். கரையில் பாக்ஸைத் திறந்த என் கணவர் அப்படியே நின்றார்.

“இன்னா கனகா இது?”

“மெழுகுங்க. உருக்கி மூணு தபா முக்குனேன். ஒரு சொட்டு தண்ணிகூட உள்ள போவாது.”

படிகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்லா பண்ணிக்கீறே,” என்றார். நான் பூரித்துப் போனேன்.

பேராசிரியர் ஜீப்பில் வந்து சேர்ந்ததும், என் கணவர் படிகத்தைப் பொருத்தி மிதவையைக் கடலில் விட்டார். அலை வந்தது. மிதவை எழும்பியது. பல்பு எரியவில்லை. பன்னிரண்டு அலைகள் வரை நான் எண்ணினேன். பேராசிரியர் தம் பேனாக்கத்தியால் மெழுகைச் சுரண்டினார். கண்ணாடிபோல் இருந்த படிகம், உள்ளே திரிந்த பாலைப்போல் வெளுத்துக் கசிந்திருந்தது.

“இது ஐம்பத்தஞ்சு டிகிரிக்கு மேல தாங்காது மிஸ்டர் வரதன். சுடற மெழுகுல யார் முக்கினது?”

நான் வாயைத் திறந்தேன்.

“நான்தான் சார்,” என்றார் என் கணவர். “அவசரத்துல யோசிக்கல.”

“இதுகூடத் தெரியாதவரை நான் எப்படி லேப்ல வச்சுக்கறது? சாரி.”

பேராசிரியர் ஜீப்பை நோக்கி நடந்தார்.

“இன்னா வரதா இது? தங்கச்சிதானே மெழுகு...” என்று தொடங்கினார் காதர் பாய்.

“சும்மா இரு பாய்.”

ஜீப் இருபதடி தூரத்தில்தான் நின்றது. நான் ஓடிச் சென்று சொல்லியிருக்கலாம். பெரிய மனிதர்முன் பேசும் துணிவு இல்லை என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. என் கணவர் சொன்ன பொய்க்குள் ஒளிந்துகொள்வது எனக்குச் சுகமாக இருந்தது. ஜீப் புறப்பட்டுப் போயிற்று.

பேருந்து நிறுத்தத்தில், “டீ குடிக்கிறியா?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டில் மீதமிருந்த கரைசலை முற்றத்தில் கொட்டினார். அதன்பின் அவர் படிகம் வளர்க்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, போன மாதம் ஒரு காலையில், அதே டிபன் பாக்ஸில் சோறு கட்டிக்கொண்டிருந்தபோது என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

“அன்னிக்குக் கடக்கரையில... நான் சொல்லியிருக்கணுங்க.”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். கை நீட்டினார்.

“நேரமாவுது கனகா. டப்பாவக் குடு.”

வாங்கிக்கொண்டு, சோதனைக் குழாய்களைக் கழுவப் புறப்பட்டார்.