புன்னையடிப் படம்

அஸர் தொழுகை முடிந்ததும் மரத்தை வெட்டப்போகிறார்கள். இப்போதே மணி மூன்று. பக்கத்து வீட்டுக் கமருன்னிசா ராத்தாவின் மொட்டை மாடியில், காயப்போட்ட கருவாட்டுக்கு நடுவே, ஜன்னத் போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே கபர்ஸ்தான் சுவர். சுவருக்கு மேலே அந்தப் புன்னை மரம். போன மாதக் காற்றில் சாய்ந்தது, பள்ளிக்கூடப் பாதையின் மேல் எந்த நேரம் விழுமோ என்று நின்றது. பிள்ளைகள் போய்வருகிற வழி, வெட்டித்தான் ஆகவேண்டும் என்று ஜமாஅத்தில் பேசி முடித்துவிட்டார்கள். அதைத் தப்பென்று சொல்ல ஜன்னத்துக்கும் வாய் வரவில்லை.

ஆனால் அந்த மரத்தடியில்தான் அவள் மகள் நஜீபா அடங்கியிருக்கிறாள்.

பதினான்கு மாதக் குழந்தை. இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல், மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது. அந்த ஜமாஅத்தில் கபருக்குப் பேர் எழுதிய கல் வைக்கிற வழக்கம் கிடையாது. பச்சைக் குச்சி ஒன்றை நட்டுவிட்டு வருவார்கள், துளிர்த்தால் துளிர்த்தது, காய்ந்தால் காய்ந்தது. பெண்கள் உள்ளே போகிற வழக்கமும் கிடையாது. பெற்றவள் தன் பிள்ளை கிடக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! புன்னை மரத்தடியில் என்று புருஷன் வந்து சொன்ன ஒரு வார்த்தை, சுவருக்கு மேலே தெரிகிற இந்தக் கிளைகள், இவ்வளவுதான் அவளுக்கு மிஞ்சியது. வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கே வந்து, மரத்தைப் பார்த்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுவாள். வருகிற வெள்ளிக்கிழமை எதைப் பார்த்து ஓதுவது?

அதற்காகத்தான் புருஷனைக் கேமராவோடு உள்ளே அனுப்பியிருந்தாள். காஜா மைதீன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். காரைக்காலில் பாதிக் கல்யாணத்துக்கு அவன்தான் படம். மரம் நிற்கும்போதே இடம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிட்டால், மரம் போனாலும் இடம் போகாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

போன் சிணுங்கியது. முதல் படம். கீழேயிருந்து வானத்தைப் பார்த்து எடுத்து, கேமராவிலிருந்து போனுக்கு ஏற்றி அனுப்பியிருந்தான். கிளைகள் நாலாப் பக்கமும் விரிந்து, இலைக்கு இலை வெயில் மினுங்கியது. சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டலாம், அவ்வளவு அழகு. அழகை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவள் உடனே கூப்பிட்டாள். "ஏங்க, இது எந்த ஊரு மரமுங்க? திருநள்ளாறுல நிக்கிற மரம்னு சொன்னாலும் நம்பலாம். பக்கத்துல ஒண்ணுமே காணோமே?"

"மரத்தைத் தனியாப் பிரிச்சுக் காட்டணும் ஜன்னத். பின்னால கரண்டு கம்பம், மோட்டார் ரூம்னு ஒரே குப்பை. அதையெல்லாம் ஒதுக்கிட்டு எடுத்தேன்."

"அந்தக் குப்பைதாங்க எனக்கு வேணும்! கம்பத்துலேர்ந்து எத்தனை எட்டு, மோட்டார் ரூம்லேர்ந்து எத்தனை எட்டுன்னு எனக்குத் தெரியணும்."

"சரி, சரி. போனை வைக்காத, லைன்லயே இரு."

இரண்டாவது படத்தில் கம்பமும் மோட்டார் ரூமும் வந்தன. படத்தைக் குறுக்கும் நெடுக்கும் மும்மூன்றாகப் பிரித்து, மரத்தை நடுவில் வைக்காமல் ஒரு கோட்டின் மேல் நிறுத்துவது அவன் தொழில் சூட்சுமம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். அதை இங்கேயும் விடவில்லை. மரம் ஒரு பக்கம், காலி வானம் ஒரு பக்கம். ஆனால் படத்தின் கீழ்விளிம்பில் அடிமரம் முழங்கால் உயரத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. மூன்றாவது படமும் அப்படியே. நாலாவதில் மரப்பட்டையின் வெடிப்பு மட்டும், மரத்தை ஒட்டிப் போய் எடுத்தது.

ஜன்னத் நாலையும் மாறி மாறித் தள்ளிப் பார்த்தாள். நாலு படத்திலும் ஒரு சாண் மண் இல்லை.

"கல்யாணப் பொண்ணுக்குக் காலு வெட்டுப்பட்டா, கூட வர்ற ஆளை அந்தத் திட்டுத் திட்டுவீங்க. இந்த மரத்துக்கு மட்டும் ஏன் காலை வெட்டுறீங்க?"

ஜன்னத் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. தரையைக் காட்டுங்க. என் புள்ளை இருக்குற எடத்தைக் காட்டுங்க."

"நான் பார்க்கல ஜன்னத்."

"எதைப் பார்க்கல?"

"புள்ளையை இறக்குனதை. என்னால பார்க்க முடியல. இந்த மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். மழை கொட்டுது. எல்லாம் முடிஞ்சப்புறம் கையைப் புடிச்சு வெளியில இழுத்துட்டு வந்தாங்க." அவன் குரல் உடைந்தது. "நாப்பதாம் நாள் வந்து பார்த்தா இங்க மூணு சின்னக் கபரு. அதே காய்ச்சல்ல அந்த மாசம் இன்னும் ரெண்டு புள்ளைங்க போச்சுல்ல. மழையில மண்ணு கரைஞ்சு மூணும் ஒண்ணாட்டம் இருக்கு. குழி வெட்டுன சஃபியுல்லா பாயும் மௌத்தாயிட்டாரு, கேக்க ஆளில்ல. கூட நின்னவங்களைக் கேட்டா ஆளுக்கு ஒண்ணைக் காட்டுறாங்க."

அடக்கம் பண்ணும்போது ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போடுவார்கள். நஜீபாவுக்கு அவள் வாப்பா கையால் மண் விழுந்தது என்கிற ஒன்றைத்தான் ஜன்னத் இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்துத் தூங்கியிருக்கிறாள்.

"மூணு கைப்பிடி மண்ணு போட்டேன்னு சொன்னீங்களே?"

"போடல."

"அட பாவி மனுஷா!"

தெருவே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டாள். கருவாட்டுத் தட்டு ஒன்று காலில் இடறிக் கவிழ்ந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும். நேரே உள்ளே ஓடிப்போய் மூன்றையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தடவினால் மட்டும் தெரிந்துவிடுமா? பத்து மாதம் சுமந்தவளுக்கு மண்ணைத் தொட்டதும் தெரியாதா என்று ஒரு மனசு கேட்டது. தெரியாது என்று இன்னொரு மனசு சொன்னது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். பாதையில் மரம் அறுக்கிற ஆட்கள் மிஷினோடு வந்து இறங்கினார்கள்.

போனில் அவன் அழுவது கேட்டது. ஜன்னத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அழுதது போதும். பின்னால போங்க."

"எதுக்கு?"

"மூணு கபரும் படத்துல விழணும். கம்பம், மோட்டார் ரூம் எல்லாம் விழணும். மரத்துக்குத் தலை போனா போகட்டும், அடி இருந்தா சரி."

"போயிட்டேன்."

"இன்னும் போங்க."

"சுவரு முதுகுல இடிக்குது."

"அப்ப அங்கேர்ந்தே எடுங்க."

படம் வந்தது. அவன் எடுத்ததிலேயே மோசமான படம் அதுவாகத்தான் இருக்கும். வானம் வெளிறிப்போய், மரத்துக்குத் தலை இல்லாமல், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் கிடந்தது. நடுவில், வேரை ஒட்டி, மூன்று சின்ன மண்மேடுகள். எதுவும் இரண்டு முழ நீளத்துக்கு மேல் இல்லை. ஜன்னத் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்தாள்.

"இதை அந்த ரெண்டு புள்ளைங்க வீட்டுக்கும் அனுப்புங்க. அவங்க உம்மாமாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

தொழுகை முடிந்ததும் மிஷினை எடுத்தார்கள், அறுக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கயிறு கட்டி இழுத்தார்கள், மரம் மேடுகளுக்கு எதிர்ப்பக்கமாகப் போய் விழுந்தது. கிளைகளை இழுத்துப் போட்டதும் மாடியிலிருந்து பார்வை நேரே தரைக்குப் போயிற்று. இத்தனை நாளும் அந்த மரம்தான் மறைத்துக்கொண்டிருந்தது! தூரத்தில் மூன்று மேடுகள், பக்கத்தில் கழுத்தில் கேமரா தொங்கக் காஜா மைதீன்.

"இப்ப மண்ணைப் போடுங்க," என்றாள் போனில்.

"எதுக்குன்னு போடட்டும் ஜன்னத்?"

"மூணுக்கும்."

அவன் குனிந்தான். ஒன்றுக்கு மூன்று, அடுத்ததற்கு மூன்று. கேமரா மண்ணில் இடித்தது, அவன் அதைக் கழற்றித் தள்ளி வைத்தான். ஒன்பதாவது பிடி விழும்வரை ஜன்னத் கண்ணை மூடவில்லை.