ஆண்குரல் தொடங்கும் இடம்

வின்சன்ற் கையை இறக்கினார். ஆண்கள் பாடவில்லை. கை கீழே வந்து சேர்ந்த பிறகுதான் யாகப்பு வாயைத் திறந்தார். யாகப்பு திறந்ததைக் கண்ட பிறகுதான் மற்றவர்கள் திறந்தார்கள். அதற்குள் வின்சன்றின் கை அடுத்த தாளத் தட்டுக்குப் போய்விட்டது. ஆர்மோனியத்துக்கு முன்னால் இருந்த ஞானசவுந்தரி ரீச்சர் பல்வலி வந்தவர் போலக் கண்களை மூடிக்கொண்டார்.

"பிந்திப்போச்சு," என்றார் வின்சன்ற்.

"பிந்தினது நாங்களோ, உம்மடை கையோ?" என்று கேட்டார் யாகப்பு.

"மச்சான், பகிடி விடாதையும். திருநாள் கிட்டுது."

"நான் ஏன் பகிடி விடுறன்? ரிக்கற் இல்லாத கொண்டக்டரோடை எனக்கென்ன பகிடி!"

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. வின்சன்றும் சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை.

ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் மருந்து கலந்து கொடுப்பது அவருடைய வேலை. கோயில் பாடகர் குழுவை நடத்துவது அவருடைய ஆசை. யாகப்பு அவர் மனைவி றோசம்மாவின் தமையன். சொந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அவர் கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலில் அவருக்குப் பெருமையும் கொஞ்சம் அதிகம்.

லத்தீன் பூசைக் காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு நடத்துநர் தேவைப்படவில்லை. பாடகர்கள் பின்பக்கத்து மேல்தட்டில் நின்று எல்லாரும் ஒரே மெட்டைப் பாடினார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் சத்தம் கூரைக்குள் சுழன்று ஒன்றாகிவிடும். பூசை தமிழுக்கு வந்தபோது பாடகர்களும் மேலேயிருந்து இறங்கிப் பீடத்தின் பக்கத்துக்கு வந்தார்கள். புதிய பாட்டுகளில் பெண்களுக்கு ஒரு வழி, ஆண்களுக்கு வேறொரு வழி. வெவ்வேறு நேரத்தில் புறப்படுகிற இரண்டு வழிகளும் சொன்ன இடத்தில் சந்திக்க வேண்டும். இதற்குக் காதை மட்டும் நம்ப முடியாது. காது நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். நடக்கப்போவதைச் சொல்லக் கண்ணுக்கு முன்னால் ஒரு கை வேண்டும்.

அந்தக் கையின் வேலையை வின்சன்ற் யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பில் கற்றுவந்தார். உரோமையில் படித்துத் திரும்பிய ஒரு சுவாமியார் அதை நடத்தினார். வலது கை காலத்தைக் காட்டும்: கீழே, இடம், வலம், மேலே. இடது கை குரலின் அளவைக் காட்டும்: உள்ளங்கை நிலத்தைப் பார்த்தால் அடக்கு, வானத்தைப் பார்த்தால் வரட்டும். ஒரு காலத்தில் இந்தக் கைச்சாடை ஒன்றும் இருக்கவில்லையாம். பிரான்சு அரசனின் அவையில் ஒருவர் கனத்த தடியொன்றை நிலத்தில் இடித்து இடித்துத்தான் வாத்தியகாரரை நடத்தினாராம். ஒருநாள் தடி தவறி அவருடைய காலிலேயே விழுந்து, புண் புரையோடி ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வின்சன்ற் ஆசை ஆசையாக இந்தக் கதையை முதல் ஒத்திகையிலேயே குழுவுக்குச் சொன்னார். அன்றிலிருந்து யாகப்பு ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்தவுடன் குனிந்து பார்த்து, "மச்சான், கால் சுகமோ?" என்று கேட்கத் தொடங்கினார்.

இந்தத் திருநாளுக்கு ஞானசவுந்தரி ரீச்சரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். கடலில் புயல். சீடர்களின் படகு தத்தளிக்கிறது. ஆண்டவர் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். பெண்கள் காற்றையும் அலையையும் பாடி உயர உயரக் கொண்டுபோவார்கள். உச்சியில் பெண்குரலும் ஆர்மோனியமும் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஆண்டவரே, எழும்பும்!" என்று கத்த வேண்டும்.

அந்த இடம்தான் ஒவ்வொரு முறையும் பிந்தியது.

"இப்பிடி ஆறுதலாக் கத்தினால் வள்ளம் தண்ணிக்குள்ளை தாண்டுபோகும், அண்ணை," என்றார் ஞானசவுந்தரி.

"தாழேக்கையும் ஒருக்கா யோசிச்சுத்தானே ரீச்சர் கத்துவாங்கள்," என்றார் யாகப்பு.

ஒத்திகை முடிந்ததும் வின்சன்ற் யாகப்புவைக் கோயில் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். மற்ற ஆண்கள் யாகப்புவின் குரலைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அந்தக் குரல் பிந்துகிறது, அதனால் எல்லாம் பிந்துகிறது. குரல் போனால் பிந்தலும் போய்விடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

"மச்சான், இந்தமுறை நீர் பவனியிலை சுருவக் கூடு தூக்கினால் என்ன? முன்பக்கத்துக்கு நல்ல தோள் உள்ள ஆள் வேணுமெண்டு பங்குச் சுவாமி சொன்னவர்."

யாகப்பு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாட்டுக்கு நான் வேண்டாமெண்டு நேரே சொல்லும்."

"அப்பிடியில்லை..."

"எப்பிடி?"

வின்சன்ற் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"சரி. தூக்கிறன்," என்று சொல்லிவிட்டு யாகப்பு நடந்தார். எதையும் பகிடியாக்குகிற மனிதர் ஒரு பகிடியும் விடாமல் போனது வின்சன்றுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மத்தியானம் குசினிக்குள் மீன்சட்டி வெறுமையாகக் கிடந்தது.

"அண்ணை மீன் கொண்டுவரேல்லை," என்றாள் றோசம்மா.

"கடல் சரியில்லையாக்கும்."

"கடலுக்கு என்ன? பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டு எங்கடை படலையைக் கடந்துதான் போனவர். திரும்பியும் பாக்கேல்லை." அவள் அகப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணையைப் பாட்டிலையிருந்து விலத்திப்போட்டியள், என்ன?"

"ஆக்களுக்கு முன்னாலை இல்லை. தனியக் கூப்பிட்டுத்தான் சொன்னனான்."

"தனியச் சொன்னால் நோகாதோ?" என்றாள் றோசம்மா. "எங்கடை கலியாணப் பூசையிலை எடுத்துப் பாடினது ஆர்?"

"மச்சான்தான்."

"அதுவும் பிந்தித்தானோ?"

வின்சன்ற் வெறும் சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த ஒத்திகைக்கு யாகப்பு இல்லை. பெண்கள் புயலை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஆர்மோனியம் நின்றது. வின்சன்ற் உயர்த்திப் பிடித்திருந்த கையை இறக்கினார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் யாகப்புவோடு தொழிலுக்குப் போகும் இன்னாசித்தம்பி "ஆ..." என்று தொடங்கி, தனியே நிற்பதை அறிந்து இருமலாக மாற்றிவிட்டான்.

"இப்ப வள்ளம் தாண்டே போச்சு," என்றார் ஞானசவுந்தரி.

"யாகப்பண்ணை எடுத்தால்தான் எங்களுக்கு எடுபடும்," என்றான் இன்னாசித்தம்பி. "உங்கடை கையைப் பாத்தால் எப்ப எண்டு விளங்கேல்லை, மருந்தய்யா."

யாகப்பு அவர்களைப் பிந்தவைக்கவில்லை. அவர்கள் பாடியதே அவரால்தான். வின்சன்றின் கணக்கு அடியோடு தலைகீழானது.

ஞாயிறு பூசை முடிந்ததும் வின்சன்ற் கரைக்குப் போனார். யாகப்புவின் வள்ளத்தை அடிப்பக்கம் பழுது பார்ப்பதற்காகப் பாடகர் குழுவின் ஆண்களும் சேர்ந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்க அவர் வாயைத் திறக்கும் முன்னரே ஒருவர், "வந்த ஆள் கயித்தைப் பிடியும்!" என்றார். வின்சன்ற் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

யாகப்பு வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தடியில் நின்று அம்பா எடுத்தார். அம்பா என்பது கடற்றொழிலாளர் பாரம் இழுக்கும்போது பாடுகிற பாட்டு. ஒருவர் ஒரு அடி பாடுவார். மற்றவர்கள் மறுமொழி பாடி இழுப்பார்கள். யாகப்பு வாயைத் திறந்ததும் வின்சன்ற் தன் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தார். வேறு ஒருவரும் இழுக்கவில்லை. கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு வழுக்க, அவர் வெள்ளை வேட்டியோடு மணலில் குந்திவிட்டார்.

கயிறு முழுவதும் சிரித்தது.

"மருந்தய்யா, அந்தாள் கூப்பிட்டு முடிக்கட்டும்!" என்றான் இன்னாசித்தம்பி. "அதுக்குள்ளை என்ன அவசரம்?"

யாகப்பு சிரிக்கவில்லை. விழுந்தவரிடம் கால் சுகமோ என்று கேட்கவும் இல்லை. "அடுத்தது," என்றார்.

இந்த முறை வின்சன்ற் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். யாகப்புவின் அடி மேலே ஏறி, வளைந்து, இறங்கத் தொடங்கியது. இறங்கும்போதே முன்னால் நின்றவனின் முதுகு அகன்றது. குதிகால்கள் மணலுக்குள் புதைந்தன. அடி முடிகிற இடத்தில் எல்லா நெஞ்சும் நிறைந்திருந்தது. மறுமொழியும் இழுவையும் ஒன்றாக வெடித்தன. வள்ளம் முனகிக்கொண்டு மேலே வந்தது. வின்சன்றும் இழுத்திருந்தார், சரியான நேரத்தில். அவருக்கு யாரும் "இப்போது" என்று சொல்லவில்லை. எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம், எப்போது மூச்சு எடுப்பது என்பதெல்லாம் அந்த ஒரு அடிக்குள்ளேயே இருந்தது.

அப்படியானால் தன் கைக்குள் என்ன இருந்தது? அவர் யோசித்துப் பார்த்தார். ஆண்கள் தொடங்கும் இடம் வருவதற்கு வெகு முன்பே கையை உயர்த்தி, பஸ்ஸை மறிக்கிறவர் போல அசையாமல் பிடித்திருந்தார். அசையாமல் பிடிப்பதற்காகத் தன் மூச்சையும் பிடித்திருந்தார். அவரைப் பார்த்து நின்றவர்களின் மூச்சும் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு கையைத் திடீரென்று போட்டார். கூப்பிட்ட பின் மறுமொழி சொல்லிப் பழகியவர்களுக்கு, கை விழுந்ததே முதல் கூப்பிடுகையாகத் தெரிந்தது. அதைக் கண்டு, மூச்செடுத்து, ஒழுங்காக மறுமொழி சொன்னார்கள். அவர்கள் பிந்தவில்லை. அவர் கூப்பிடவே இல்லை.

வள்ளம் மேலேறியதும் அவர் யாகப்புவிடம் போனார்.

"மச்சான், பிழை என்னிலைதான். பாட்டுக்கு வாரும்."

யாகப்பு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "கூடு தூக்கிறனெண்டு சுவாமிக்குச் சொல்லிப்போட்டன்," என்றார்.

"பூசை முடிஞ்சுதானே கூடு வெளிக்கிடும்."

"சொன்னது சொன்னதுதான். உம்மடை ஆக்களோடை நீர் பாடும்."

அந்தக் கிழமை ஒத்திகையில் வின்சன்ற் கையை முன்கூட்டி உயர்த்தவில்லை. ஆர்மோனியம் நிற்கும்வரை அது இடுப்பளவில் கிடந்தது. நின்றதும், பாட்டு ஓடுகிற அதே வேகத்தில், ஒரே ஒரு தட்டின் அளவுக்கு அதை மேலே கொண்டுபோனார். போகும்போது வாயைச் சற்றே திறந்து, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி மூச்சை உள்ளே இழுத்தார். இதுதான் என் அடி, இதுதான் என் கூப்பிடுகை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். முதல் தடவை சிலர் சிரித்தார்கள். அடுத்த தடவை சிலர் முந்தினார்கள். பிறகு ஒரு தடவை, கை மேலே போகையில் எதிரே இருந்த நெஞ்சுகள் எல்லாம் ஒன்றாக உயர்வதைக் கண்டார். கை இறங்கியது.

"ஆண்டவரே, எழும்பும்!"

ஞானசவுந்தரி அடுத்த வரியை வாசிக்க மறந்துபோனார். "வள்ளம் மிதக்குது, அண்ணை," என்றார்.

வின்சன்ற் மகிழ்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு மனம் பாரமாகவே இருந்தது. முந்தின கிழமை என்றால், நீர் இல்லாமல் எங்களுக்கு ஏலாது என்று யாகப்புவைக் கூப்பிட்டிருக்கலாம். இப்போது அவர் இல்லாமல் முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் அந்தக் குரல் வேண்டும்போல் இருந்தது. படலையைக் கடந்துபோகிற அந்த மனிதர் உள்ளே வர வேண்டும்போலவும் இருந்தது. அதை எந்தக் கையால் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

திருநாளன்று கோயில் நிறைந்து வழிந்தது. பூ அலங்காரத்துக்குள் புனிதரின் சிலையோடு சுருவக் கூடு பின்வாசலடியில் காத்திருந்தது. அதன் பக்கத்தில், வெளுத்த வேட்டியும் தோளில் மடித்த துண்டுமாக யாகப்பு நின்றார். வின்சன்ற் ஒரு தடவை பார்த்தார். யாகப்பு கூரையைப் பார்த்தார்.

நடத்துநர் பாடகரைப் பார்த்து நிற்க வேண்டும்; சனத்துக்கு முதுகுதான் தெரியும். வின்சன்ற் திரும்பிக்கொண்டார்.

பெண்கள் காற்றைப் பாடினார்கள். அலையைப் பாடினார்கள். றோசம்மாவின் முகம் அந்த வரிசையில் இருந்தது. அவள் கணவனின் கையைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. புயல் உச்சிக்கு ஏறியது. ஆர்மோனியம் நின்றது. கோயில் முழுவதும் அமைதி. வின்சன்ற் கையை எடுத்தார், மூச்சை எடுத்தார், இறக்கினார்.

"ஆண்டவரே, எழும்பும்!"

முன்னாலிருந்து வந்தது. அதே கணத்தில், மயிரிழையும் பிசகாமல், முதுகுக்குப் பின்னாலிருந்தும் வந்தது. கோயிலின் கடைசிக் கோடியில், கூட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தனிக்குரல் சனத்துக்கு மேலால் கடந்து வந்து ஆண்களின் குரலோடு மோதிக் கலந்தது. ஞானசவுந்தரியின் கண்கள் வின்சன்றைத் தாண்டி வாசலுக்குப் போயின. றோசம்மா சிரித்துவிட்டாள், சிரித்தபடியே அழுதாள். பாடுவதை மட்டும் விடவில்லை.

மூச்சு எடுத்தால் தோள் உயரும், அது முதுகிலும் தெரியும் என்பதை வின்சன்ற் அப்போதுதான் அறிந்தார். கையைக் காணாமலே யாகப்பு அவருடைய முதுகைப் பார்த்துத் தொடங்கியிருந்தார்.

பாட்டுத் தொடர்ந்தது. பின்னாலிருந்து வந்த குரல் பெரிது. முன்னால் நிற்கிறவர்களை விழுங்கிவிடும்போல் இருந்தது. பழக்கத்தில் வின்சன்ற் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கையை நிலத்துக்குக் காட்டினார். கோடியிலிருந்த குரல் உடனே அடங்கியது. இத்தனை ஒத்திகைகளில் ஒருநாளும் அந்தக் கைக்கு அது அடங்கியதில்லை.

அந்த அடக்கத்தை அவரால் தாங்க முடியவில்லை. கையை மெல்லத் திருப்பி, உள்ளங்கையை மேலே காட்டினார்.

யாகப்பு முழுக்குரலோடு வந்தார்.

பூசை முடிந்து கூடு வெளிக்கிட்டது. முன்பக்கத்துத் தூக்குக் கம்பைத் தோளில் வாங்கிய யாகப்பு, வின்சன்றும் பாடகரும் வந்து நின்ற வாசலோரத்தைக் கடக்கும்போது, பாரத்தோடு பாரமாகத் தலையைச் சற்றே சரித்தார்.

"மச்சான்," என்றார், "கால் சுகமோ?"