செம்பு விளிம்புச் சாமந்தி

அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து பார்த்துக்கொண்ட செடி நர்சரியில், கொழுந்தனுக்குத் 'தண்ணி லாரி' என்று பட்டப்பெயர். எந்தச் செடி முகம் சுண்டினாலும் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அந்த வாரம் நடுவரிசைத் தொட்டிகளில் சாமந்திகள் தலை தொங்கின. அவன் ஊற்ற ஊற்ற, இன்னும் தொங்கின.

அண்ணிக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு செடியைப் பிடித்து லேசாக அசைத்தாள். வேர் மண்ணிலேயே தங்கிவிட, தண்டு மட்டும் கையோடு வந்தது. அடித்தண்டு பழுப்பேறி நைந்திருந்தது. சுற்றிலும் பஞ்சு போல வெள்ளை இழைகள். நடுநடுவே கடுகளவு உருண்டைகள்.

"குழாயை மூடு தம்பி. இது தாகமில்ல, பூஞ்சை. தண்டழுகல்."

"மருந்தடிச்சா சரியாயிடாதா அண்ணி?"

"அழுகினது அழுகினதுதான். இந்தக் கடுகெல்லாம் மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். வரிசை மொத்தமும் மண்ணோட போகணும்."

அவனுக்கு முகம் வெளுத்தது. அதே வரிசையில்தான் அவனுடைய செடியும் நின்றது. இரண்டு வகைச் சாமந்திகளை மகரந்தம் சேர்த்து அவனே உண்டாக்கியது; மஞ்சள் இதழுக்குச் செம்பு விளிம்பு. வேறெங்கும் கிடையாது.

"இதை மட்டும் விட்டுடுங்க அண்ணி. நல்லாத்தானே இருக்கு!"

அண்ணி குனிந்து அடித்தண்டை விரலால் தடவினாள். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது.

"இதுக்கும் வந்தாச்சு. நுனிக்கு ஏறிடுச்சான்னு பாக்கலாம், இரு."

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, உச்சிக் கொழுந்துகளை நறுக்கினாள். வெட்டுவாய் வெளிர்பச்சையாக, சுத்தமாக இருந்தது. தனியே ஒரு மூலையில், கழுவிய புது மணலில் அவற்றை ஊன்றினார்கள்.

தாய்ச்செடியை எடுக்க அண்ணி கை நீட்டினாள். அவன் தடுத்தான்.

"நானே எடுக்கறேன்."

கண் கலங்கியது, கை நிற்கவில்லை. ஒரு பொட்டு மண் சிந்தாமல் சாக்கில் கட்டினான். எதையும் உரக்குழியில் சேர்க்காமல், செடிகளை எரித்தார்கள், மண்ணை அப்புறப்படுத்தினார்கள், தொட்டிகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள். மிச்ச வரிசைகளில் தொட்டிகளுக்கு நடுவே காற்று ஓட இடம் விட்டார்கள். அன்றுமுதல் மண்ணில் விரல் விட்டு, காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

ஊன்றியவற்றில் சில கறுத்தன. அவன் யாரையும் கேட்காமல் அவற்றைப் பிடுங்கி எறிந்தான். மற்றவை வேர் பிடித்தன.

முதல் மொட்டு விரிந்த காலையில், "அண்ணி, வாங்களேன்!" என்று கத்தினான். அவள் ஓடி வந்து, முதலில் மண்டியிட்டு அடித்தண்டை அழுத்திப் பார்த்தாள். பச்சையாக, கெட்டியாக இருந்தது. பிறகுதான் நிமிர்ந்து பூவைப் பார்த்தாள்.