வாய்க்கால் ஓரத்து ஐந்து ஏக்கர்

தியாகராசன் பிள்ளைகளை அடித்ததே இல்லை. "ஒரு குழி நிலம் கிடையாது" என்று சொன்னால் போதும். மூத்தவன் துரைராசு அதற்குப் பயந்தே படிப்பை விட்டான், பிடிக்காத பெண்ணைக் கட்டினான், முப்பது வயதிலும் அப்பா முன்னால் உட்காராமல் நின்றான்.

அன்று அந்தச் சொல் மகள் சாவித்திரிமேல் விழுந்தது. ஒரத்தநாட்டுப் பள்ளியில் தன்னோடு வாத்தியாராக இருந்த செல்லதுரையைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் சொல்லியிருந்தாள். செல்லதுரையின் அப்பா கண்ணுசாமி அவர்களிடம் பண்ணையாளாக இருந்தவர்.

"என் வயல்ல நாத்துப் பறிச்சவன் எனக்குச் சம்பந்தியா? ஒரு குழி கிடையாது உனக்கு."

"எந்த நிலத்தப்பா தரமாட்டீங்க?"

நில உச்சவரம்பைக் குறைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வாய்க்கால் ஓரத்து ஐந்து ஏக்கரைக் கல்யாணமாகாத மகள் பேருக்கு எழுதி வைத்தவர் அவர்தான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்க்காரை ஏமாற்ற மட்டும் அவள் பெயர் வேண்டியிருந்தது. நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வா. அண்ணன் பேருக்கு எழுதிக் குடு."

"மாட்டேன்."

"ஒரு கையெழுத்துதானேடி" என்று அம்மா பிரகதாம்பாள் கெஞ்சினாள்.

"அண்ணனும் நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினான். இப்ப எப்படி நிக்கிறான்னு பாரும்மா."

துரைராசு தரையைப் பார்த்தான். சாவித்திரி கட்டிய புடவையோடு வெளியேறினாள். தஞ்சாவூரில் அவளும் செல்லதுரையும் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள்.

சம்பா விளைந்ததும் தியாகராசன் அந்த ஐந்து ஏக்கரை அறுக்க ஆள் அனுப்பினார். சாவித்திரி வரப்பில் நின்றாள்.

"அறுங்க. கூலிய நான் அளக்குறேன். நெல்லு அந்த வீட்டுக்குப் போகாது."

ஆட்கள் தயங்கினார்கள். அவளோடு வந்திருந்த கண்ணுசாமி வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி முதல் அரியை அறுத்தார். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள்.

தகவல் போய்த் தியாகராசனின் கார் வந்து ரோட்டில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"எழுதிக் குடுத்துடு. எல்லாத்தையும் மறந்துடுறேன்."

"நீங்க இறங்கி வாங்கப்பா. உங்க சம்பந்தி நிக்கிறாரு."

தியாகராசன் கண்ணுசாமியை ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எடுடா" என்றார். ஓட்டி வந்தவன் துரைராசு. தங்கையைப் பார்க்காமலே காரைத் திருப்பினான்.

அப்பாமேல் இருந்ததைவிட அண்ணன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. யாரோ கீழே வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, பழக்கமில்லாத கையோடு அவளும் வயலில் இறங்கினாள்.